குதிரைக்குச் சூலை வந்த இரவும், அதன்பின் நாங்கள் எழுதத் தொடங்கிய குறிப்பேடும்: அனுபவப் பகிர்வு

கோபிசெட்டிபாளையத்திலிருந்து:

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தையில் ஆறு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கத்தியவார் பெட்டைக் குதிரை ஒன்று எங்கள் தோட்டத்தில் இருக்கிறது. சென்ற பொங்கலின்போது அதற்குச் சூலை, அதாவது மருத்துவர்கள் கோலிக் என்று சொல்லும் வயிற்றுவலி, கண்டது. குதிரை வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

பொங்கலுக்காக ஆட்கள் ஊருக்குப் போயிருந்ததால் மூன்று நாள்களாகக் குதிரையை நடத்திச் செல்ல யாரும் இல்லை. பசும்புல் தீர்ந்துபோய்க் காய்ந்த சோளத்தட்டையே போட்டோம். தைக் குளிரில் தொட்டித் தண்ணீர் சில்லிட்டுக் கிடந்ததால், வழக்கமாகக் குடிப்பதில் பாதியைக்கூட அது குடிக்கவில்லை. இந்த மூன்றும் ஒன்றுசேர்ந்தால் குடல் அடைத்துக்கொள்ளும் என்பதை நான் அறிந்திருக்கவில்லை. அன்று காலை லாயத்தைக் கூட்டியபோது லத்தி (குதிரைச் சாணம்) குறைவாகவும், உருண்டைகள் சிறுத்து இறுகி, மேலே சளி படர்ந்தும் கிடந்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டு அள்ளிக் குப்பையில் போட்டேன். அதை நினைத்தால் இன்றும் மனம் பதைக்கிறது.

மாலையில் அது கொள்ளுத் தீனியைத் தொடவில்லை. கழுத்தைத் திருப்பித் தன் விலாவையே பார்த்தது, மேலுதட்டைச் சுருட்டியது, முன்னங்காலால் தரையைப் பறித்தது. எட்டு மணிக்குப் படுப்பதும் எழுவதுமாக இருந்தது, கழுத்தெல்லாம் வியர்வை. மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தோம். அவர் தொலைவிலிருந்து வரவேண்டியிருந்தது. அதற்குள் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர், "நல்லெண்ணெய் உள்ளே போனால் இளகிவிடும் தம்பி" என்று சொல்லி, மாட்டுக்குப் புகட்டுவதுபோல மூங்கில் குழாயில் எண்ணெயை ஊற்றி, தலையைத் தூக்கிப் பிடித்துப் புகட்டினார். அவர் எங்கள் மீதுள்ள அன்பினால்தான் செய்தார்; நானும்தான் தலையைப் பிடித்துக்கொண்டேன். குதிரை இருமியது, எண்ணெய் ஒரு நாசி வழியாக வழிந்தது. மருத்துவர் வந்து அதைக் கேட்டதும் முகம் மாறினார். அப்படிப் புகட்டும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் சூலையிலிருந்து பிழைத்த குதிரையும் நுரையீரல் அழற்சியில் போய்விடும் என்றார். அடுத்த நான்கு நாள்களும் காலையும் மாலையும் காய்ச்சல் பார்த்தபடி நாங்கள் பட்ட கவலை சொல்லி மாளாது.

மருத்துவர் முதலில் பல் ஈறைப் பார்த்தார். கட்டைவிரலால் அழுத்திவிட்டு, வெளுத்த இடம் மீண்டும் சிவக்க எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணினார்; 2 நொடிக்குள் சிவந்தால் நல்லது என்றார். பின்பு இரண்டு விலாக்களிலும் காது வைத்துக் கேட்டார். இடப்பக்கம் குடலோசை ஏறக்குறைய இல்லை. நாடி நிமிடத்துக்கு 56 இருந்தது. ஓய்வில் நிற்கும் வளர்ந்த குதிரைக்கு அது 28 முதல் 44 வரைதான் இருக்க வேண்டும். வலிக்கு ஊசி போட்டபின், நாசி வழியாக நீண்ட குழாயை இரைப்பை வரை செலுத்தினார். குதிரையால் வாந்தியெடுக்க முடியாது என்பதையும், அதனால் இரைப்பையில் தேங்கும் நீரும் காற்றும் வெளியேற வழியில்லாமல் இரைப்பையே கிழிந்துவிடக்கூடும் என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். தேக்கம் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, அதே குழாய் வழியாக லிக்விட் பாரஃபின் என்ற, அடைப்பை இளக்கும் எண்ணெயும் தண்ணீரும் விட்டார். ஆசனவழியே கையைச் செலுத்திப் பார்த்து, பெருங்குடல் வளையும் இடத்தில் மாவுருண்டைபோல் இறுகிய அடைப்பு இருக்கிறது, குடல் முறுக்கிக்கொள்ளவில்லை என்றார். முறுக்கியிருந்தால் அறுவைச் சிகிச்சைதான் ஒரே வழியாம்.

மறுநாள் நண்பகல் எண்ணெய் மினுமினுக்க முதல் லத்தி விழுந்தது. என் தாயார் லாயத்து வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

ஒரு வாரம் கழித்து வந்த மருத்துவர் வாயைத் திறந்து பார்த்தபோதுதான் அடிப்படைக் காரணம் தெரிந்தது. குதிரையின் பல் வாழ்நாள் முழுவதும் மெல்ல மேலெழுந்து, மெல்லுவதால் தேய்ந்துகொண்டே இருப்பது. அந்தத் தேய்மானம் சீராக இல்லாததால் மேல் கடைவாய்ப்பற்களின் வெளி விளிம்பு கத்திபோல் கூர்மையாகிக் கன்னத்தின் உட்புறத்தைக் கிழித்திருந்தது. வலியால் அது தட்டையைச் சரியாக மெல்லாமல் விழுங்கியிருக்கிறது. பாதி மென்ற தட்டை உருண்டைகள் தொட்டியடியில் கிடந்ததையும், லத்தியில் கொள்ளு முழுசாக வந்ததையும் பல மாதங்களாக நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மருத்துவர் அரம் போட்டு விளிம்புகளைச் சமன்செய்தார். இனி ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கவேண்டும்.

கீழ்த்தாடை எலும்பின் உள்விளிம்பில் விரல்நுனியை வைத்தால் உருளும் நாடியை எண்ணுவதற்கும் கற்றுக்கொடுத்தார். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குகிறேன். நாடி, உடல் வெப்பம், எத்தனை முறை லத்தி போட்டது, எத்தனை வாளித் தண்ணீர் குடித்தது என்று அன்று முதல் குறிப்பேட்டில் எழுதிவருகிறோம். தை, மாசியில் தண்ணீரை வெதுவெதுப்பாக்கி வைக்கிறோம். தட்டையைக் குறைத்துக் குதிரைமசாலும் கொழுக்கட்டைப்புல்லும் போடுகிறோம். யார் ஊருக்குப் போனாலும் குதிரை தினமும் நடக்கிறது.

சென்னையிலிருந்து:

அண்ணா, நீங்கள் சொன்ன சூலைதான் எங்கள் குதிரைக்கும் வந்தது. காரணம் மட்டும் வேறு. கடற்கரையில் சவாரிக்கு விடும் குதிரை என்பதால் மணல்மேலேயே புல்லைப் போட்டுவந்தோம். புல்லோடு சேர்ந்து உள்ளே போன மணல் குடலின் அடியில் படிந்து, ஒரு மாதமாக விட்டுவிட்டுக் கழிச்சலும் வலியும் இருந்தன. ஆறேழு லத்தி உருண்டைகளைக் கண்ணாடிப் பாத்திரத்தில் தண்ணீர்விட்டுக் கரைத்து அரை மணி நேரம் அசையாமல் வைக்கும்படி மருத்துவர் சொன்னார். மேலே மிதந்த நாரை வடித்துவிட்டுப் பார்த்தால் அடியில் கைவிரல் கனத்துக்குக் கடல்மணல் படிந்திருந்தது. இப்போது ரப்பர் விரிப்பின்மேல் அகலத் தொட்டி வைத்து அதில்தான் தீனி போடுகிறோம். மாதம் ஒருமுறை கரைத்துப் பார்க்கிறோம்.

குளம்பைப் பற்றியும் ஒரு வரி சேர்க்கிறேன். ஈரத்தில் நிற்கும் குதிரையின் குளம்படி முக்கோணத் திசு கறுத்து அழுகி நாற்றமெடுக்கும். தினமும் சுரண்டிச் சுத்தம் செய்து, ஆறு வாரத்துக்கு ஒருமுறை லாடக்காரரைக் கூப்பிட்டால் அது வராது. ஆணி குத்தினால் காயம் சிறிது என்று விட்டுவிடாதீர்கள். இரணஜன்னிக்கு (டெட்டனஸ்) மிக எளிதில் ஆட்படும் விலங்கு குதிரை. தடுப்பூசியைத் தவறவிடவே கூடாது.

பொள்ளாச்சியிலிருந்து:

குறிப்பேடு எழுதுவதைப் பற்றி ஐயா சொன்னதால் இதை எழுதத் தோன்றியது. எங்கள் ஆண்குதிரை நன்றாகத் தின்றும் மெலிந்துகொண்டே வந்தது. குடற்புழு என்று எண்ணி இரண்டுமுறை மருந்து கொடுத்தோம். லத்தியைப் பரிசோதித்துப் புழுமுட்டை இருக்கிறதா என்று பார்த்த பின்பே மருந்து கொடுக்கவேண்டும் என்பதும், கண்டபடி கொடுத்தால் புழுக்கள் மருந்துக்குப் பழகிவிடும் என்பதும் பின்னால்தான் தெரிந்தது. நான் வெப்பம் பார்த்த நாள்களில் எல்லாம் 38 டிகிரி செல்சியஸுக்குள் இருந்ததால் காய்ச்சல் இல்லை என்றே நம்பினேன். என் மகள் மூன்று வாரம் விடாமல் தினமும் குறித்துவைத்தாள். இரண்டு மூன்று நாள் 40 டிகிரியைத் தொடுவதும், பின் தானாக இறங்குவதும், சில நாள் கழித்து மீண்டும் ஏறுவதும் அந்தத் தாளில் மலைமுகடுபோல் தெரிந்தது. அடிவயிற்றிலும் பின்னங்கால்களிலும் நீர்கோத்த வீக்கம் வேறு.

தாளைப் பார்த்த மருத்துவர் காய்ச்சல் ஏறிய நாளில் இரத்தம் எடுக்கச் சொன்னார். சர்ரா என்று முடிவு வந்தது. 1880-இல் கிரிஃபித் எவன்ஸ் என்ற கால்நடை மருத்துவர் பஞ்சாபில் குதிரைகள், ஒட்டகங்களின் இரத்தத்தில் கண்டறிந்த ஒற்றைச் செல் ஒட்டுண்ணியால் வரும் நோய் இது. கடித்து இரத்தம் குடிக்கும் பெரிய ஈக்கள் அதைப் பரப்புகின்றன. மருந்து வேலை செய்தது. உடம்பு தேற நான்கு மாதம் பிடித்தது.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து:

பொள்ளாச்சி நண்பரின் மகளுக்கு என் வாழ்த்துகளைச் சொல்லுங்கள். கண்ணாடிப் பாத்திரச் சோதனையை இன்று காலை நானும் செய்து பார்த்தேன், மணல் இல்லை. நாடி 36, வெப்பம் 37.6, தண்ணீர் மூன்று வாளி. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் இப்போது காலையில் வந்ததும் முதலில் லத்தியைப் பார்த்துவிட்டுத்தான் காப்பி குடிக்கிறார்.