கூடு இருக்கும் இடத்தை எப்படிக் குறிப்பது? ஜிபிஎஸ் காலை வாருகிறது

தண்டையார்பேட்டைவாசி:
எங்கள் தெருவில் வரிசையாக நிற்கும் தூங்குமூஞ்சி மரங்களில் வக்காவும் மடையானும் கூடு கட்டியிருக்கின்றன. எந்தக் கூட்டில் குஞ்சு வந்தது, அடுத்த வருடமும் அதே கிளைக்கு வருகின்றனவா என்று பதிவு செய்ய ஆசை. ஆனால் போனில் இடம் குறித்தால் ஒரு நாள் மரத்தில் விழுகிறது, மறுநாள் எதிர்வீட்டு மொட்டைமாடியில். மெல்பர்னில் ஊருக்குள்ளேயே பென்குயின்களை இடம் குறித்துக் கண்காணிக்கிறார்களாமே, அவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

ஒற்றியூரான்:
நான் இப்போது மெல்பர்னில்தான் இருக்கிறேன். நீங்கள் சொல்வது செயின்ட் கில்டா, 1956 ஒலிம்பிக்கின்போது கட்டிய அலைதடுப்புச் சுவர். நம்ம ஊர் தூண்டில் வளைவு போலப் பாறை கொட்டியதுதான், அந்தக் கல் இடுக்கில்தான் கூடு. பறவை ஒரு கிலோ எடை, ஓரடி உயரம், இருட்டிய பிறகுதான் கரையேறும். 1986 முதல் ஆய்வு நடக்கிறது. தோலுக்கடியில் சிப் வைத்திருப்பார்கள், ஸ்கேனரைக் காட்டினால் எண் வந்துவிடும். ஆக, எந்த இடம் என்பது ஒரு பதிவு, எந்தப் பறவை என்பது இன்னொன்று. இறக்கையில் பட்டை மாட்டும் பழைய வழக்கம் மோசமானது, பட்டை போட்ட ராஜ பென்குயின்கள் பிழைப்பது 16 சதவீதம் குறைவு என்று 2011-இல் ஓர் ஆய்வு வந்தது. உங்களால் சிப் எல்லாம் வைக்க முடியாது, அனுமதியும் கிடைக்காது. அதனால் பறவையை விட்டுவிடுங்கள், கூட்டுக்கு எண் கொடுங்கள்.

சங்கிலிக்காரர்:
சர்வே வேலை பார்ப்பவன் என்பதால் சொல்கிறேன். போன் காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களில் தசமத்துக்குப் பிறகு ஐந்தாவது இலக்கம் ஏறக்குறைய ஒரு மீட்டர், ஆனால் போன் திறந்தவெளியிலேயே ஐந்து மீட்டர் வரை தப்பும், மரத்தடியிலும் சந்திலும் இன்னும் மோசம், அதனால் ஆறேழு இலக்கம் எழுதி வைத்துத் துல்லியம் என்று நம்பாதீர்கள். ஜிபிஎஸ் தெருவைக் காட்டினால் போதும். மற்றதெல்லாம் நகராத பொருளிலிருந்து அளக்க வேண்டும்: மின்கம்பத்திலிருந்து மரம் டேப்பில் எத்தனை மீட்டர், எந்தத் திசைக் கிளை, என்ன உயரம். ஒரே இடத்தில் நின்று படமெடுத்து, படத்தின் மேலேயே கூட்டு எண்ணை எழுதிவிடுங்கள். கூடு விழுந்தால் அந்த எண்ணை வேறு கூட்டுக்குத் தரக்கூடாது. முக்கியமாக, போய்ப் பார்த்துக் கூடு காலியாக இருந்தால் ‘காலி’ என்றே எழுதுங்கள். கட்டத்தை வெறுமையாக விட்டால் பார்க்கவே இல்லையா, பார்த்தும் இல்லையா என்று அடுத்த வருடம் உங்களுக்கே புரியாது.

காசிமேட்டுக்காரி:
தெருப் பெயரோடு பொதுவில் போட்டுவிடாதீங்க அண்ணா. எச்சம் வண்டி மேல விழுதுன்னு கிளையை வெட்டக் காத்திருப்பவர்கள் எல்லாத் தெருவிலும் உண்டு.

தண்டையார்பேட்டைவாசி:
சரிம்மா, போட மாட்டேன். சங்கிலிக்காரரே, உயரத்துக்கு எதிர்வீட்டு மாடியை வைத்துக்கொள்ளலாமா?

சங்கிலிக்காரர்:
தாராளமாக. ‘இரண்டாம் மாடி ஜன்னல் மட்டம்’ என்றால் போதும், அவர்கள் மேலே மாடி எழுப்பினாலும் கணக்கு மாறாது.