டாஷ்போர்டுக்குப் பின்னால் விழுந்த ஸ்க்ரூ: எப்படி எடுப்பது?

வணக்கம் நண்பர்களே. வண்டி பழைய வேகன் ஆர். புது ஸ்டீரியோ மாட்டும்போது கடைத் தம்பியின் கையிலிருந்து இரண்டு ஸ்க்ரூ நழுவி டாஷ்போர்டுக்குப் பின்னால் போய்விட்டன. "ஒண்ணும் ஆகாதுண்ணே" என்று வேறு ஸ்க்ரூ போட்டு முடுக்கிக் கொடுத்துவிட்டார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. வேகத்தடையில் ஏறி இறங்கினாலே இடதுபக்கம் கிளுக்கென்று சத்தம் வருகிறது.

குளோவ் பாக்ஸைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்று தெரிகிறது: ஏசி பெட்டிக்கு மேலே, ஒயர் கட்டுக்கு நடுவில், தலை மட்டும். ஆன்டெனா மாதிரி நீளும் காந்தக் குச்சியை விட்டால், குறுக்கே போகும் இரும்புக் கம்பியில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஸ்க்ரூ வரை போனால்தானே! குச்சியின் மேல் ஸ்ட்ராவைச் செருகி நுனியை மட்டும் வெளியே விட்டால் பக்கவாட்டில் ஒட்டாது என்கிறார்கள். யாராவது செய்து பார்த்தீர்களா?

இன்னொன்று கண்ணிலேயே படவில்லை. பிரேக் பெடல் பக்கம் உருண்டிருந்தால் என்ன செய்வது என்பதுதான் பயம். போனில் மாட்டும் எண்டோஸ்கோப் கேமரா வாங்கலாமா? வளைத்தால் வளைத்தபடி நிற்கும் ஒயர் உள்ளது எது?

அங்கே மஞ்சள் கனெக்டரும் இருக்கிறது, ஏர்பேக்குடையது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, சில நிமிடம் விட்டுத்தான் கை வைப்பேன். அப்புறம், தயவுசெய்து முழு டாஷ்போர்டையும் இறக்கச் சொல்லாதீர்கள். அது கடைசி வழி.