டி மதிப்பு 17 வருகிறது, நம்பலாமா?

கேள்வி: கிணற்றடி
வணக்கம். எங்கள் ஊர்க் கிணறு ஒன்றின் நீர்மட்ட ஆழத்தை 120 மாதங்களுக்குத் தொகுத்திருக்கிறேன். பம்ப்செட் இணைப்புகளின் எண்ணிக்கையை வைத்துத் தொடர்புப்போக்குக் கோடு பொருத்தினேன். டி மதிப்பு (கோட்டின் சரிவு, அதன் தடுமாற்ற அளவான திட்டப்பிழையைப் போல் எத்தனை மடங்கு என்பது) 17, ஆர் வர்க்கம் (நீர்மட்ட ஏற்ற இறக்கத்தில் கோடு விளக்கும் பங்கு) 0.71, டர்பின்–வாட்சன் (கோட்டிலிருந்து விலகல்கள் மாதத்துக்கு மாதம் தொடர்கின்றனவா என்று காட்டும் எண்) 0.19. என் வழிகாட்டி “இந்த 17-ஐ நம்பாதே” என்கிறார். அடுத்த வாரம் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். பிழை எங்கே?

பதில்: எச்சம் (புனைபெயர்)
அந்த 0.19-இல்தான். எச்சங்களில் (அளந்த மதிப்புக்கும் கோடு சொல்லும் மதிப்புக்கும் உள்ள வித்தியாசங்களில்) தன்னொட்டுறவு, அதாவது ஒரு மாத மதிப்பு முந்தைய மாதத்தை ஒட்டியே வருவது, இல்லையென்றால் அது 2-ஐ ஒட்டி நிற்கும். உங்களுக்குத் தன்னொட்டுறவு ஏறக்குறைய 0.9. இந்த மாத நீர்மட்டம் போன மாதம் விட்ட இடத்திலிருந்துதானே தொடங்குகிறது? 120 சாட்சிகள் என்று எண்ணி, ஒரே சாட்சியைத் திரும்பத் திரும்பக் கூண்டில் ஏற்றியிருக்கிறீர்கள். இணைப்பு எண்ணிக்கைக்கும் அதே 0.9 என்று வைத்தாலே திட்டப்பிழை மூன்று மடங்காகும். முந்தைய 12 மாதங்கள் வரையிலான தன்னொட்டுறவைக் கணக்கில் எடுக்கும் நியூவி–வெஸ்ட் திட்டப்பிழையைப் போட்டுப் பாருங்கள்.

பதில்: பழைய வாத்தியார்
இங்கே அது போதாது. எச்சமே நிலையற்றதாக (ஒரு சராசரிக்குத் திரும்பாமல் அலைவதாக) இருந்தால் நியூவி–வெஸ்ட் கைகொடுக்காது. 1926-இல் புள்ளியியலாளர் யூல் காட்டிய உதாரணம்: 1866 முதல் 1911 வரை இங்கிலாந்துத் திருச்சபையில் நடந்த திருமணங்களின் விகிதத்துக்கும் இறப்பு விகிதத்துக்கும் ஒட்டுறவு 0.95! இரண்டும் இறங்கிக்கொண்டிருந்தன, அவ்வளவுதான். 1974-இல் கிரேஞ்சர், நியூபோல்டு என்ற ஆய்வாளர்கள் தொடர்பே இல்லாத சமவாய்ப்பு நடைகளை (முந்தைய இடத்திலிருந்து ஒவ்வொரு அடியும் தற்செயலாக நகரும் தொடர்களை) கணினியில் உருவாக்கிப் பொருத்தினார்கள். ஏறக்குறைய நான்கில் மூன்று முறை ‘மிகைகாண் தன்மை உண்டு’ (தொடர்பு தற்செயலானதல்ல) என்றே விடை வந்தது. ஆர் வர்க்கம் டர்பின்–வாட்சனை மிஞ்சினால் சந்தேகப்படுங்கள் என்பது அவர்கள் தந்த எச்சரிக்கை. உங்களுடைய இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எச்சங்கள் நிலையற்றவையா என்று பார்க்க டிக்கி–ஃபுல்லர் சோதனை செய்யுங்கள். 5% மட்டத்தில் வழக்கமான −2.86 இங்கே செல்லாது. எச்சம் நாமே மதிப்பிட்டது என்பதால் −3.34-க்குக் கீழே போக வேண்டும். போகாவிட்டால் மாத மாற்றங்களை எடுத்து, மழையளவையும் சேர்த்துப் பொருத்துங்கள்.

கிணற்றடி
செய்தேன் ஐயா. எச்சச் சோதனை −1.9. மாத மாற்றங்களில் இணைப்புகளின் டி மதிப்பு 1.1; மழைக்கு மட்டும் மிகைகாண் தன்மை இருக்கிறது. பம்ப்செட்டுகளால் நீர் இறங்கவில்லை என்று எழுதலாமா?

பழைய வாத்தியார்
எழுதாதீர்கள் அம்மா. “இந்தத் தரவைக் கொண்டு காட்ட முடியவில்லை” என்று எழுதுங்கள்; இரண்டும் வேறு. மாதத்துக்கு ஒன்றிரண்டு இணைப்புகள் கூடுவதை ஒரு ஐப்பசி மழையே மறைத்துவிடும். சுற்றுவட்டாரக் கிணறுகளின் அளவுகளும் கிடைத்தால், இணைப்பு கூடிய ஊரையும் கூடாத ஊரையும் ஒப்பிடலாம். வழிகாட்டியிடம் இன்னும் ஒரு மாதம் கேளுங்கள்.