போர்க் கைம்பெண்கள் கேட்டது பிச்சையா, பாக்கியா?

மலர்விழி:
அரசர் தரப்பும் பார்லிமென்ட் தரப்பும் மோதிய இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் (1642–1651) கணவனை இழந்த பெண்களுக்குக் கிடைத்தது வெறும் ஏழை நிவாரணம்தான், அதில் உரிமை எதுவும் இல்லை என்று சேது சார் எழுதியிருந்தார். எனக்கு அது ஒப்பவில்லை. 1593ஆம் ஆண்டுச் சட்டம் ஊனமான சிப்பாய்க்குத்தான் ஓய்வூதியம் தந்தது. அவன் செத்துப்போனால் மனைவிக்கு ஒன்றும் கிடையாது. 1642 அக்டோபரில்தான், தன் பக்கம் நின்று சாகிறவர்களின் மனைவி மக்களையும் பார்த்துக்கொள்வதாக பார்லிமென்ட் வாக்குக் கொடுத்தது. சாதாரணச் சிப்பாயின் மனைவி அரசின் கணக்கில் ஏறியது அப்போதுதான்.

சேது:
வாக்குக் கொடுத்தார்கள், சரி. 1647இல் வந்த ஆணையையும் படியுங்கள். பொறுப்பை மாவட்ட நீதிபதிகள் தலையில் கட்டிவிட்டார்கள். அவள் உழைத்துச் சம்பாதிப்பதும் ஊர்க்காரர்கள் தர்மமாகக் கொடுப்பதும் போக, மிச்சத்துக்குத்தான் உதவி. அதற்கும் கணவன் எந்தப் படைத்தலைவனிடம் இருந்தான் என்று சான்று வேண்டும். அந்தத் தலைவனே செத்திருந்தால் அவள் யாரிடம் போய் நிற்பாள்?

மலர்விழி:
சான்று கேட்டதே என் பக்கத்து ஆதாரம், சார். 1601 ஏழைச் சட்டப்படி நிவாரணம் கொடுக்கும் ஊர் மேற்பார்வையாளர் பார்ப்பது வறுமையை. இங்கே அவள் காட்ட வேண்டியிருந்தது கணவனின் சேவையையும். அந்த மாவட்ட நீதிபதிகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும் காலாண்டு நீதிமன்றத்துக்கு வந்த மனுக்களில் "நான் ஏழை" என்பதோடு "உங்களுக்காகப் போய் இறந்தான்" என்பதும் இருக்கிறது. பிச்சை கேட்பவள் அப்படிக் கேட்க மாட்டாள்.

சேது:
பலருக்கு எழுதத் தெரியாது. கீழே ஒரு குறி போடுவார்கள், அவ்வளவுதான். அந்த வாசகம் மனு எழுதிக் கொடுத்தவருடையது.

மலர்விழி:
வாசகம் அவருடையதாக இருக்கட்டும். கணவன் எந்தச் சண்டையில் விழுந்தான், வீட்டில் எத்தனை குழந்தைகள் என்பதையெல்லாம் அவள் சொல்லாமல் அவர் எப்படி எழுதுவார்?

கபிலன்:
இடையில் ஒன்று. லண்டன் சவாய் மருத்துவமனையில் காயம்பட்ட சிப்பாய்களைக் கவனிக்கும் தாதியர் வேலைக்கு இந்தக் கைம்பெண்களையே விரும்பி எடுத்தார்கள். பின்னாளில் ஈலி ஹவுஸ் மருத்துவமனையிலும் அப்படித்தான். உதவி கேட்டு நின்றவர்கள் என்று மட்டும் பேசாதீர்கள். போர்க்காலத்தில் அந்த வேலையைச் சுமந்தவர்களும் அவர்கள்தான்.

சேது:
கபிலன் சொல்வது நியாயம். ஆனால் மலர்விழி, 1660இல் மன்னராட்சி திரும்பி வந்ததும் என்ன ஆனது? பார்லிமென்ட் பக்கத்துக் கைம்பெண்களுக்குக் கொடுத்துவந்ததை நிறுத்திவிட்டார்கள். ஆட்சி மாறினால் போய்விடுவதை நான் உரிமை என்று சொல்ல மாட்டேன்.

மலர்விழி:
அந்த அநியாயத்தை நான் மறுக்கவே இல்லை. ஆனால் 1662இல் அரசர் தரப்புக்காகக் கொண்டுவந்த சட்டத்தில் கைம்பெண்களும் இருக்கிறார்களே! எதிரி தொடங்கியதுதானே என்று அவர்களை விட்டுவிட முடியவில்லை, பாருங்கள்.

சேது:
அதை ஒத்துக்கொள்கிறேன். 1593ஐவிட அது ஒரு படி மேலேதான். ஆனாலும் பார்லிமென்டுக்காகப் போன சிப்பாயின் மனைவி 1662இல் யாரிடம் போனாள்? திரும்பவும் ஊர் மேற்பார்வையாளரிடம்தான். அங்கே அவள் கணவன் எப்படிச் செத்தான் என்று யாரும் கேட்கவில்லை.