'அப்புச்சி வீடு' குழுவில் டாக்கா முகமதன்

மே 2025, வெள்ளிக்கிழமை

செந்தில் (டாக்கா), இரவு 8.12: எல்லோருக்கும் ஒரு சேதி. டாக்கா முகமதன் கால்பந்து கிளப் பங்களாதேஷ் லீக்கை ஜெயித்துவிட்டது! கடைசியாக ஜெயித்தது 2002இல். இன்று இங்கே வார லீவு, ஆனாலும் எங்கள் ஸ்டோர்ஸில் இருக்கும் பெரியவர் வீடு தேடி வந்து சந்தேஷ் இனிப்பு டப்பா கொடுத்துவிட்டுப் போகிறார்.

மல்லிகா, 8.15: நல்லது. நான் உனக்குப் பிரமோஷன் என்று நினைத்தேன்.

செந்தில், 8.16: அதற்கும் 23 வருடம் ஆகும் அக்கா 😄

கவின், 8.21: மாமா, பங்களாதேஷ் என்றால் அர்ஜென்டினா கொடிதானே? 2022இல் நடு ராத்திரியில் பெரிய திரை வைத்துக் கூட்டம் கூட்டமாக மெஸ்ஸியைப் பார்த்தார்களே. அவர்களுக்குச் சொந்தமாக லீக் இருப்பதே இப்போதுதான் தெரிகிறது.

செந்தில், 8.24: அந்தக் கொடிப் பைத்தியம் உள்ளூர் கிளப்புகளுக்கும் இருந்தது தம்பி. 1980களில் இங்கே மொட்டை மாடியில் கறுப்பு வெள்ளைக் கொடி பறந்தால் முகமதன் வீடு, வானநீலம் பறந்தால் அதன் பரம எதிரி அபாஹனி கிளப் வீடு. ஒரே வீட்டில் இரண்டும் பறந்த கதையெல்லாம் பெரியவர் சொல்வார். லீக் ஆட்டத்துக்கு மத்தியானமே போய் ஸ்டேடியத்தில் இடம் பிடிக்க வேண்டுமாம்.

அப்புச்சி, 8.30: முகமதன் கல்கத்தா டீம் அல்லவா? டாக்கா எப்படி?

செந்தில், 8.33: கல்கத்தா முகமதன் வேறுங்க அப்பா, 1891இல் தொடங்கியது. 1934இல் கல்கத்தா லீக்கை ஜெயித்த முதல் இந்திய கிளப் அதுதான். 1938 வரை விடாமல் ஐந்து முறை. அந்த அலையில் 1936இல் டாக்காவில் அதே பெயரில் ஒன்று முளைத்தது. ஆனால் எடுத்தவுடன் பெரிய ஆள் இல்லை. 1950களில் டாக்காவின் ராஜா வாண்டரர்ஸ் என்ற கிளப். முகமதனுக்கு முதல் லீக் பட்டம் 1957இல்தான். அப்புறம் அள்ளியது.

அப்புச்சி, 8.35: அப்படிச் சொல்லு. ரேடியோவில் கேட்ட பெயர்.

நிலா, 8.41: மாமா, இப்போதுதான் தேடிப் பார்த்தேன். அபாஹனி தோற்றதால்தான் இவர்களுக்குப் பட்டம் உறுதியானதாம். அதுவும் இந்த வருடம்தான் மேல் பிரிவுக்கு வந்த ஃபகிரேர்பூலிடம் தோற்று. இது ஒரு ஜெயிப்பா?

செந்தில், 8.43: இன்னும் 3 ஆட்டம் மீதம் இருக்கும்போதே முடிந்துவிட்டது நிலா. அவ்வளவு தூரம் முன்னால் இருந்தால்தானே அடுத்தவன் தோல்வி நமக்குப் பட்டமாகும்?

கவின், 8.50: நானும் படித்துவிட்டேன். சும்மா விடமாட்டேன் 😎 போன ஆகஸ்டில் ஷேக் ஹசீனா ஆட்சி கவிழ்ந்தது. அபாஹனி கிளப்பை உடைத்துக் கோப்பைகளைக் கொள்ளையடித்தார்கள். சீசனின் முதல் பாதி முழுக்க அவர்கள் ஒரு வெளிநாட்டு வீரர்கூட இல்லாமல் ஆடினார்கள். ஹசீனாவின் தம்பிகள் பெயர் கொண்ட ஷேக் ரசல், ஷேக் ஜமால் இரண்டு டீமும் லீக்கைவிட்டே போய்விட்டன. ஐந்து பட்டம் வரிசையாக ஜெயித்த பசுந்தரா கிங்ஸை விட்டு அந்த ஸ்பெயின்காரக் கோச் ஆஸ்கர் புருசோனும் போய்விட்டார். எதிரிகள் எல்லாம் முடங்கிக் கிடந்த வருடம் பார்த்து முகமதன் ஜெயித்திருக்கிறது. மதிப்பு கம்மிதான் மாமா.

மல்லிகா, 8.52: பரீட்சைக்கு இப்படிப் படித்திருந்தால்…

செந்தில், 8.58: சொன்னதெல்லாம் சரி. ஆனால் பாதிக் கதைதான். அபாஹனியைத் தொடங்கியது யார்? பங்களாதேஷை உருவாக்கிய ஷேக் முஜிபின் மகன் ஷேக் கமால், 1972இல். 1975 ஆகஸ்ட் 15 அன்று குடும்பத்தோடு அவரையும் கொன்றுவிட்டார்கள். பிறகு அவர் அக்கா ஹசீனா பல வருடம் பிரதமர். கிளப்பின் நல்ல காலமும் கெட்ட காலமும் அந்தக் குடும்பத்தோடு சேர்ந்தே ஓடின. 2007இல் தொழில்முறை லீக் தொடங்கியதிலிருந்து அபாஹனிக்கு 6 பட்டம். அப்போதெல்லாம் 'இதற்கு மதிப்பு உண்டா' என்று யாரும் கேட்கவில்லையே. முகமதன் மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டுமா?

கவின், 9.01: 2007இல் அவர்கள் கட்சி ஆட்சியிலேயே இல்லையே மாமா. ஆட்டத்தில் ஜெயித்தார்கள். முதல் மூன்று சீசனும் அபாஹனி முதல் இடம், முகமதன் இரண்டாம் இடம்.

நிலா, 9.02: 👏👏

செந்தில், 9.04: சரி, அதை விட்டுவிடுகிறேன். சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.

அப்புச்சி, 9.06: [குரல் செய்தி] செந்திலு, அரசியலை விடு. அவங்க ஆட்டம் எப்படி இருக்கும், அதைச் சொல்லு.

செந்தில், 9.40: அப்பா, நல்ல காலத்து ஆட்டம் கேட்டால் 1987, 1988தான். நாசர் ஹெஜாசி என்று ஒரு ஈரான் கோல்கீப்பர், 1978 உலகக் கோப்பையில் ஆடியவர். அவர் இங்கே வந்து முகமதனுக்குக் கோச்சாக இருந்தார். நைஜீரியாவின் எமேகா இங்கே ஆடிவிட்டுப் போய், பின்னால் 1994 உலகக் கோப்பை அணியில் இருந்தார். அபாஹனி மட்டும் சும்மா இருக்குமா? 1986 உலகக் கோப்பைக்குப் போய் வந்த ஈராக்கின் சமீர் ஷாக்கிர், கரீம் அல்லாவி இரண்டு பேரையும் 1987இல் கூட்டி வந்தது. டாக்கா லீக்கில் உலகக் கோப்பை ஆட்கள்! இலங்கையின் பக்கீர் அலியும் அந்தக் காலத்தில் அபாஹனி பின்வரிசையில்தான் நின்றார்.

செந்தில், 9.42: 1988இல் ஆசிய கிளப் போட்டியில் முகமதன் ஈரானின் பெர்செபோலிஸை 2-1 என்று அடித்தது. ஹெஜாசி ஆடிய காலத்தில் டெஹ்ரானில் பெர்செபோலிஸின் பரம எதிரியான எஸ்தெக்லால் டீமின் ஆள். ஊர்ப் பகையை டாக்கா டீமை வைத்துத் தீர்த்துக்கொண்டார்.

அப்புச்சி, 9.44: ஹா ஹா. இது ஆட்டம்.

மல்லிகா, 9.45: இப்போதுதான் கேட்கிற மாதிரி இருக்கிறது.

செந்தில், 9.47: அக்கா, உனக்கு ஒன்று. அந்த முகமதனின் கேப்டன் கைசர் ஹமீது, பின்வரிசைத் தூண். அவர் அம்மா யார் தெரியுமா? செஸ் ஆடும் ராணி ஹமீது.

மல்லிகா, 9.48: போன வருடம் புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் 80 வயதில் ஆடினார்களே, அந்த அம்மாவா?! வீடியோ பார்த்தேன். மகன் கால்பந்தா?

செந்தில், 9.49: அவரேதான்.

மல்லிகா, 9.50: அப்போ நான் முகமதன் கட்சி. முடிந்தது.

நிலா, 9.51: அம்மா 🤦‍♀️

கவின், 9.55: இவ்வளவு பெரிய டீம் எப்படி மாமா 23 வருடம் ஜெயிக்காமல் போகும்?

செந்தில், 10.03: ஒரே காரணம் இல்லை. 1986, 87, 88-89 மூன்றும் வரிசையாக முகமதன். அதில் 1987 கடைசி ஆட்டத்தில் ஒரு கூத்து. முகமதன், அபாஹனி இரண்டு டீம் வீரர்களும் சேர்ந்து 'நாங்கள் இருவருமே சாம்பியன்' என்று மைதானத்திலேயே கொண்டாடிவிட்டார்கள். கால்பந்து சம்மேளனம் ஒப்புக்கொள்ளவில்லை. ராணுவ ஸ்டேடியத்தில் ஆளே இல்லாமல் கதவைப் பூட்டி மறுபடி ஆட வைத்தது. முகமதன் 2-0.

செந்தில், 10.08: வீரர்கள் விலையும் அப்போது ஏறிக்கொண்டே இருந்தது. 1991இல் அபாஹனி பின்வரிசை வீரர் மொனெம் முன்னாவுக்கு 20 லட்சம் டக்கா (இங்கத்துப் பணம்) கொடுத்தது. அந்தக் காலத்தில் அது தலைசுற்றும் பணம். 1994இல் முகமதன், அபாஹனி, பிரதர்ஸ் மூன்று கிளப்பும் கூடிப் பேசிச் சம்பளத்துக்கு வரம்பு கட்டப் பார்த்தன. கோபப்பட்ட வீரர்கள் கும்பலாக முக்திஜோத்தா கிளப்புக்குப் போய்விட்டார்கள். முன்னா மட்டும் அபாஹனியை விட்டு நகரவில்லை. இந்த மனுஷனைப் பற்றிக் கேட்டால் முகமதன் ஆட்களே எழுந்து நிற்பார்கள். 2005இல் சின்ன வயதிலேயே இறந்துவிட்டார்.

செந்தில், 10.11: அப்புறம் கிரிக்கெட். 1997இல் ஐசிசி டிராபி, 2000இல் டெஸ்ட் அந்தஸ்து. பையன்கள் எல்லாம் மட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். காலியான கேலரிக்கு ஸ்பான்சர் எங்கிருந்து வருவான்?

நிலா, 10.13: இடையில் ஒன்றுமே ஜெயிக்கவில்லையா?

செந்தில், 10.16: 2009இல் ஒரு கோடி டக்கா பரிசு வைத்து சூப்பர் கப் நடத்தினார்கள். பைனலில் அபாஹனியை 1-0 அடித்தது. 2014இல் சுதந்திரக் கோப்பை. இடையில் இன்னும் சில கோப்பைகள். 2014க்குப் பிறகு வெகு காலம் ஒன்றும் இல்லை. அதைவிட அவமானம் 2019 செப்டம்பர். டாக்காவின் மோதிஜீல் பகுதி கிளப்புகளில் போலீஸ் புகுந்தது. உள்ளே சூதாட்ட மேஜைகள். முகமதன், விக்டோரியா, ஆராம்பாக், எல்லாம் மாட்டின. முதலில் மாட்டியது ஃபகிரேர்பூல்.

நிலா, 10.17: இன்று அபாஹனியைத் தோற்கடித்த அதே ஃபகிரேர்பூலா??

செந்தில், 10.17: அதே.

கவின், 10.18: சினிமாவில் வைத்தால் நம்பமாட்டார்கள்.

செந்தில், 10.24: எங்கள் பெரியவர் அன்று கிளப் பெயரைச் சொல்லவே கூசினாராம். பட்டம் இல்லாததற்கு அழவில்லை, மேஜையைப் பார்த்து அழுதேன் என்பார். காரணம் இருக்கிறது. 1971 போரின்போது சுதந்திர வங்காளக் கால்பந்து அணி என்று ஒன்று இந்தியாவில் ஊர் ஊராக ஆடிப் பணம் திரட்டியது. கேப்டன் ஜகாரியா பிண்டூ, முகமதன் ஆள். முதல் ஆட்டம் நதியா மாவட்டம் கிருஷ்ணநகரில். இந்தியா இன்னும் அங்கீகரிக்காத நாட்டின் கொடியை ஆட்டத்துக்கு முன்னால் ஏற்றினார்கள். அனுமதித்ததற்காக மாவட்ட ஆட்சியரையே சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். ஆட்டம் 2-2.

அப்புச்சி, 10.26: அந்தக் கலெக்டர் பெரிய மனுஷன்.

செந்தில், 10.29: பிண்டூ போன நவம்பரில்தான் காலமானார். இந்தப் பட்டத்தைப் பார்க்காமல் போய்விட்டார் என்று பெரியவர் புலம்பிக்கொண்டே இருக்கிறார்.

கவின், 10.34: சரிங்க மாமா, உருக்கமாகச் சொல்லி ஓட்டு வாங்கப் பார்க்கிறீர்கள். என் கேள்வி அப்படியேதான் இருக்கிறது. எதிரிகள் முழு பலத்தோடு இருந்தபோது இவர்கள் யாரை அடித்தார்கள்?

செந்தில், 10.41: கேட்டாயே! 2023 மே 30, குமில்லா. ஃபெடரேஷன் கோப்பை பைனல், அபாஹனியோடு. யாரும் கிளப்பை உடைக்காத காலம், வெளிநாட்டு வீரர்களோடு முழு பலம். முகமதன் 0-2 பின்தங்கியது. மாலி நாட்டுக்காரன் சுலேமான் டியாபடே ஒருவனே 4 கோல் போட்டான். 4-4. பெனால்டியில் 4-2. முதல் கோல்கீப்பருக்கு அடிபட்டு, பெஞ்சில் இருந்த பிபு இறங்கிப் பெனால்டி தடுத்தான். ஒன்பது வருடத்தில் முதல் கோப்பை. யூடியூபில் அந்த முழு ஆட்டத்தையும் தேடிப் பார், பிறகு பேசு.

கவின், 11.52: பார்த்தேன்.

கவின், 11.53: 4-4 ஆட்டத்துக்கு ஒரு பாயிண்ட் தருகிறேன். டியாபடேவுக்கு இரண்டு.

நிலா, 11.55: அந்த கோச் யார்? நின்ற இடத்தில் அசையாமல் நிற்கிறார்.

செந்தில், 11.57: அல்ஃபாஸ் அகமது. இந்த வருடமும் அவர்தான் கோச். 1999இல் காத்மாண்டுவில் தெற்காசியப் போட்டி பைனலில் நேபாளத்துக்கு எதிராக ஒரே கோல் போட்டு பங்களாதேஷுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்தவர். அன்று அந்த அணிக்குக் கோச் யார் என்று நினைக்கிறாய்? அபாஹனிக்கு ஆடிய அந்த ஈராக்கின் சமீர் ஷாக்கிர்.

மல்லிகா, 11.58: மணி பன்னிரண்டு. எல்லோரும் தூங்குங்கள்.

சனிக்கிழமை

நிலா, காலை 7.20: ராத்திரி யோசித்தேன். மாமா சொன்னதும் கவின் சொன்னதும் இரண்டும் சரி. ஆனால் வெளிநாட்டு ஆள் இல்லாமல், கோப்பை அலமாரிகூட இல்லாமல் அபாஹனி இவ்வளவு தூரம் விரட்டி வந்ததே, எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

செந்தில், 7.45: இதைப் பெரியவரிடம் சொன்னால் எனக்கு இனி சந்தேஷ் கிடையாது.

அப்புச்சி, 7.50: அபாஹனி ஆட்களை ஒருமுறை ஜெயிலில் போட்டதாகப் பேப்பரில் படித்த ஞாபகம்.

செந்தில், 8.02: அப்பாவுக்கு என்ன ஞாபகம்! 1982 செப்டம்பர். முகமதனோடு ஆட்டம், நடுவர் கோல் இல்லை என்றதும் தகராறு, கேலரியில் கலவரம். எர்ஷாத்தின் ராணுவ ஆட்சி. சலாஹுத்தீன், சுன்னு, அன்வர், ஹெலால் நான்கு பேரையும் விலங்கு மாட்டிச் சிறைக்கு அனுப்பினார்கள். கால்பந்து ஆடியதற்கு ராணுவச் சட்டம்! அதே சலாஹுத்தீன் பின்னால் 2008 முதல் 2024 வரை சம்மேளனத் தலைவர். அந்த வருட லீக் முகமதனுக்கு. சலாம் முர்ஷெதி 27 கோல்.

கவின், 8.10: அப்போதும் எதிரி ஜெயிலில் இருந்த வருடம்தான் முகமதன் ஜெயித்ததா 😂😂

செந்தில், 8.11: உன்னைச் சேர்த்ததே தப்பு.

ஆகஸ்ட் 2025

கவின், இரவு 10.05: மாமா, ஆசிய கிளப்புகளுக்கான ஏஎஃப்சி சேலஞ்ச் லீக் தகுதிச் சுற்று பார்த்தீர்களா? பசுந்தரா கிங்ஸ் சிரியாவின் அல் கராமாவை 1-0 என்று அடித்துவிட்டது. அபாஹனி டாக்காவிலேயே கிர்கிஸ்தானின் முராஸ் யுனைடெட்டிடம் 0-2. சரி, சாம்பியன் எங்கே?

செந்தில், 10.20: ஆசியப் போட்டிக்கு வேண்டிய கிளப் உரிமம் முகமதனுக்குக் கிடைக்கவில்லை. அதனால் அந்த இடம் அபாஹனிக்கு.

அப்புச்சி, 10.22: லீக் ஜெயித்தவன் போகவில்லை, இரண்டாவது வந்தவன் போனானா?

செந்தில், 10.23: ஆமாங்க அப்பா.

அப்புச்சி, 10.25: உன் பெரியவர் என்ன சொல்கிறார்?

செந்தில், 10.31: அபாஹனி தோற்றது வரைக்கும் சந்தோஷம் என்கிறார்.