தேவைச் சோதனைகள் எல்லாம் தேறிய பிறகும் உறுதித்தன்மையில் ஐயம்

கேள்வி:
நரம்பு வழியே மருந்து செலுத்தும் பம்ப் ஒன்றின் கட்டுப்பாட்டு மென்பொருளைச் சோதிக்கும் குழுவில் இருக்கிறேன். தேவை ஆவணத்தின் ஒவ்வொரு வரிக்கும் எழுதிய சோதனைகள் தேறிவிட்டன. கிளைக் கவரேஜும் (நிரலின் கிளைகளில் எத்தனை சோதனையில் ஓடின என்னும் அளவு) 100 சதவீதம். ஆனால் சென்ற வாரம் அழுத்த சென்சாரின் கேபிள் தற்செயலாகக் கழன்றபோது, கடைசியாகப் படித்த மதிப்பையே திரை காட்டிக்கொண்டிருந்தது, அலாரம் ஒலிக்கவில்லை. இத்தகைய குறைகளைத் தேடிப் பிடிக்க எங்கிருந்து தொடங்குவது?

மறுமொழி 1:
எழுதிய நிரல் ஓடியதா என்பதைத்தான் கவரேஜ் சொல்லும். எழுதாமல் விட்டதைச் சொல்லாது. இங்கே விடுபட்டது, கையில் உள்ள மதிப்பு எவ்வளவு பழையது என்னும் சரிபார்ப்பு. ஒவ்வோர் இடைமுகத்திலும் (சென்சார் போன்றவை மென்பொருளுடன் இணையும் இடம்) தகவல் வராமல் போனால், தாமதமானால், பாதியில் அறுந்தால், வரம்பு மீறிய மதிப்புடன் வந்தால், எத்தனை மில்லிவினாடிக்குள் பம்ப் என்ன செய்ய வேண்டும் என்பதை முதலில் எழுதுங்கள். அதை எழுதாமல் குப்பை உள்ளீடுகளைக் கொட்டினால், முடங்காமல் ஓடியதையே தேர்ச்சி என்று எண்ணிவிடுவீர்கள். உங்கள் பம்ப்பும் முடங்கவில்லையே!

மறுமொழி 2:
எழுதிவைத்தால் மட்டும் போதாது என்பேன். 1996 ஜூன் 4 அன்று ஏரியேன் 5 ராக்கெட்டின் முதல் பறப்பில், 64 பிட் மிதவைப் புள்ளி எண் (பின்னப் பகுதியும் கொள்ளும் எண்) ஒன்று 16 பிட் முழு எண்ணுக்குள் அடங்காமல் பிழை எழுந்தது. பிழை எழுந்தால் செயலியை நிறுத்திவிட வேண்டும் என்பது அங்கே எழுதப்பட்டிருந்த விதியேதான். மாற்று அமைப்பிலும் அதே மென்பொருள் இருந்ததால் இரண்டும் நின்றுபோயின. அந்த நிரல், ஏரியேன் 4-இல் சிக்கலின்றி ஓடியது என்பது இன்னும் உறுத்தலான செய்தி. ஆகவே பிழையை வேண்டுமென்றே புகுத்தி, பிழையைக் கையாளும் பகுதியையே சோதியுங்கள்.

மறுமொழி 3:
காலத்தையும் ஓர் உள்ளீடாகக் கருதுங்கள். போயிங் 787-இன் மின்னாக்கிக் கட்டுப்பாட்டு அலகுகள் 248 நாள் இடைவிடாமல் மின்சாரத்தில் இருந்தால், அவற்றின் உள்ளே காலத்தை எண்ணும் எண்ணி (கவுன்ட்டர்) நிரம்பி, ஒரே நேரத்தில் செயலிழக்கக்கூடும் என்று 2015-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஒழுங்காணையம் எச்சரித்தது. அத்தனை நாள் காத்திருக்கத் தேவையில்லை. எண்ணியை நிரம்புவதற்குச் சற்று முந்தைய மதிப்பில் தொடங்கிவைத்தால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். மென்பொருள் திரும்பத் திரும்ப ஓட்டும் முதன்மைச் சுழற்சியை முடக்கிவிட்டு, வாட்ச்டாக் (குறித்த நேரத்துக்குள் மென்பொருள் தட்டாவிட்டால் கருவியை மீட்டமைக்கும் காவல் டைமர்) உண்மையிலேயே மீட்டமைக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
இன்று பார்த்தேன், மீட்டமைக்கவில்லை. வாட்ச்டாக்கைத் தட்டும் வரி டைமர் இன்டரப்ட்டுக்குள் (குறித்த இடைவெளிதோறும் முதன்மைச் சுழற்சியை இடைமறித்துத் தானாக ஓடும் பகுதி) இருந்ததால், முதன்மைச் சுழற்சி உறைந்த பிறகும் அது தட்டிக்கொண்டே இருந்தது.