வயலில் நாலு விதமாக நிற்கிறது, கேட்டால் எல்லாமே கோரை என்கிறார்கள்

கடைமடை வயல் எழுதியது:

வணக்கம். திருவாரூர் மாவட்டத்துக் கடைமடையில் எங்களுக்கு ஒன்பது மா நிலம். அப்பா போனபிறகு இரண்டு வருடமாக நான்தான் பார்க்கிறேன். இந்தச் சம்பாவுக்குப் புழுதியில் நேரடி விதைப்பு. இன்றோடு 38 நாள்.

இருபதாம் நாள், கடையில் கேட்டு ‘புல் மருந்து’ என்று கொடுத்ததை வாங்கி அடித்தேன். மேட்டு மூலையில் இருந்த புல் கருகிப்போனது. மற்ற இடமெல்லாம் ஒன்றும் ஆகவில்லை. சொல்லப்போனால், பக்கத்தில் போட்டிக்கு நின்ற புல் போனதும் மிச்சமிருந்தது இன்னும் செழிப்பாக வந்துவிட்டது. திரும்பப் போய்க் கேட்டேன். “தண்ணி சரியா வச்சிருக்க மாட்டீங்க” என்று சொல்லிவிட்டார்கள். அன்று வீட்டுக்கு வரும்போது அழுகையே வந்துவிட்டது. இதே வயலில் அப்பா வரப்பில் நின்றபடியே “அது களை, இது பயிர்” என்று கைகாட்டுவார். எனக்குக் கிட்டே போய்ப் பார்த்தாலும் தெரியவில்லை.

இப்போது நிற்பவை இவை:

நெல் மாதிரியே இருக்கும் ஒன்று. கதிர் வந்தால்தான் கண்டுபிடிக்க முடியும் போலிருக்கிறது.

முக்கால் முழ உயரத்தில், உச்சியில் மூன்று இலை விரிந்து, நடுவே சின்னச் சின்ன உருண்டைகளாகப் பூத்த ஒன்று.

அடியில் விசிறி மாதிரி தட்டையாக விரிந்து, மேலே கம்பி போன்ற தண்டில் கடுகை விடச் சற்றுப் பெரிய செம்பழுப்பு மணிகள் தூவினாற்போல் இருக்கும் ஒன்று. இதுதான் அதிகம்.

வாய்க்காலில் இலையே இல்லாமல் பச்சைக் குழாயாக நிற்கும் ஒன்று. அதன் பூ உச்சியில் இல்லை, தண்டின் பக்கவாட்டில் முட்டிக்கொண்டு வந்திருக்கிறது. இதுபோல நான் எதையும் பார்த்ததில்லை.

வரப்பில் கோரைக்கிழங்கு இருக்கிறது, அது எனக்கே தெரியும். மற்றதையும் ‘கோரை’ என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். நாலும் ஒரே ஜாதியா? எதை வைத்துப் பிரிப்பது? போட்டோ எடுத்தேன், எல்லாமே பச்சைக் கோடாகத்தான் விழுகிறது.

ஏரிக்கரை எழுதியது:

அம்மா, போட்டோ வேண்டாம். நீங்கள் எழுதியதே போதும், நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள். திருச்சியில் ஒரு கல்லூரியின் தாவரவியல் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். காய்ந்த புல்லைத் தாளில் ஒட்டியே வயதானவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாணவர்கள் ரோஜாவையும் எருக்கையும் ஆசையாக எடுப்பார்கள், புல் பக்கம் வரமாட்டார்கள். எனக்கு அதில் எப்போதும் வருத்தம்தான். நாம் சாப்பிடும் சோறே புல்லிலிருந்து வருகிறது.

முதலில் அந்தப் ‘புல்’ என்ற சொல். பழைய தமிழ் இலக்கணத்தில் வெளிப்பக்கம் வைரம் பாய்ந்தது எல்லாமே புல். பனையும் மூங்கிலும்கூட அதில் அடக்கம். அது ஒரு அருமையான பாகுபாடு, ஆனால் களையெடுப்புக்கு உதவாது. உங்கள் வயலில் நிற்பவை இரண்டு வேறு குடும்பங்கள். ஒன்று நெல்லின் குடும்பம், இன்னொன்று கோரையின் குடும்பம். மருந்து ஒன்றைக் கொன்று மற்றதை விட்டதற்குக் காரணம் அதுதான். உங்கள் தண்ணீர் மேல் பழி இல்லை. புல் குடும்பத்தை மட்டும் தாக்கும் மருந்துகள் உண்டு, சைஹலோபாப் அந்த வகை. நெல்லும் புல்தான், ஆனால் அந்த மருந்தைத் தன் உடம்புக்குள்ளேயே செயலிழக்கச் செய்துவிடும், அதனால் பிழைக்கிறது. கோரையிடம் அது எடுபடாது. டப்பாவை எடுத்து எந்தெந்தக் களைக்கு என்று அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள்.

சரி, பிரிப்பது எப்படி? இலையைப் பார்க்காதீர்கள். இலை ஏமாற்றும். தண்டுக்குப் போங்கள்.

பூத்த தண்டு ஒன்றை ஒடித்துக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே உருட்டுங்கள். புல் உருளும். விரலை மேலே நகர்த்தினால் கணு தட்டுப்படும். குறுக்கே வெட்டினால் கணுவுக்குக் கணு நடுவில் பெரும்பாலும் பொள்ளல். கோரை உருளாது, மூன்று முனையும் விரலில் குத்தும். உள்ளே வெள்ளைச் சோறு நிறைந்திருக்கும். அடியிலிருந்து பூ வரைக்கும் கணுவே தட்டுப்படாது.

அப்புறம் இலை தண்டைச் சுற்றியிருக்கும் உறை. நெல்லில் அது வேட்டி கட்டினாற்போல ஒரு ஓரம் இன்னொரு ஓரத்தின் மேல் ஏறியிருக்கும், நகத்தால் பிரித்தால் திறந்துகொள்ளும். கோரையில் அது தைத்த குழாய். பிரிக்கப் போனால் கிழியும். மேலிருந்து நேர் கீழாகப் பாருங்கள்: புல்லின் இலைகள் எதிரெதிராக இரண்டு வரிசையில் போகும், கோரையின் இலைகள் பெரும்பாலும் மூன்று பக்கம் போகும். இந்த மூன்றில் இரண்டு பொருந்தினால் போதும், குடும்பம் உறுதி.

இனி உங்கள் பட்டியல். உருண்டை உருண்டையாகப் பூத்தது சைப்பிரஸ் டிஃபார்மிஸ், கோரையேதான். விசிறியடி உள்ளது ஃபிம்பிரிஸ்டைலிஸ். அதுவும் கோரைக் குடும்பம்தான், ஆனால் அதன் தண்டில் நாலு அல்லது ஐந்து முனை எண்ணலாம். நெல் வயல் இருக்கும் இடமெல்லாம் அது இருக்கும். இரண்டும் ஒருபருவச் செடிகள், கிழங்கு கிடையாது, விதையால் மட்டுமே பரவும். விதை தூளாக, எண்ணி முடியாத அளவு கொட்டும். மணி முற்றும் முன்னே பிடுங்கினால் அடுத்த வருடத்துக்கு அந்த அளவு மிச்சம். வரப்புக் கோரைக்கிழங்கு அப்படியில்லை. பிடுங்கினால் தழை வரும், கம்பி போன்ற வேர்த்தண்டு அறுந்து கருங்கிழங்குச் சங்கிலி மண்ணிலேயே தங்கி மறுபடி முளைக்கும். பெயர் எல்லாவற்றுக்கும் கோரை, வேலை வேறு வேறு.

நெல் மாதிரி இருப்பது காட்டுக் குதிரைவாலி, அதாவது எக்கினோக்ளோவா. கதிர் வரக் காத்திருக்க வேண்டாம். இலையும் உறையும் சேரும் முட்டியை மெல்ல வளைத்துப் பாருங்கள். நெல்லில் அங்கே நாக்கு மாதிரி ஒரு வெள்ளைச் சவ்வு நுனி பிளந்து நிற்கும். இருபக்கமும் மயிர் முளைத்த குட்டிக் காதுகள் இருக்கும். குதிரைவாலியில் நாக்கும் இல்லை, காதும் இல்லை. வழவழவென்று மொட்டையாக இருக்கும். பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். ஆனால் இதற்கு வெறும் கண்ணே போதும்.

வாய்க்காலில் நிற்பது நான் சொன்ன விதியை மீறும் கோரை. ஷீனோபிளெக்டஸ் என்றுதான் நாங்கள் எழுதுவோம். தண்டு உருண்டைதான், உருட்டினால் உருளும், உள்ளே குறுக்குச் சுவர்கள் போட்ட அறைகள். பூ பக்கவாட்டில் வருவதாகத் தெரிவது தோற்றம்தான். உண்மையில் தண்டு அந்த இடத்தோடு முடிந்துவிட்டது. அதற்கு மேலே நிமிர்ந்து நிற்பது பூவின் அடியிலை, தண்டின் வேஷத்தில்! முதன்முதலில் இதை நறுக்கிப் பார்த்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

இதுபோன்ற இடத்தில் பூதான் கடைசி வார்த்தை. நெல்லில் நாம் உமி என்று புடைப்பது இரண்டு செதில், பெரியதும் சிறியதும் ஒன்றையொன்று கவ்வி நடுவே அரிசியை வைத்திருக்கும். புல் குடும்பம் பெரும்பாலும் அப்படித்தான். கோரையில் ஒரு பூவுக்கு ஒரே செதில், அதன் கக்கத்தில் ஒரு குட்டிக் கொட்டை.

பாய்முற்றம் எழுதியது:

ஐயா, கணு இல்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் சொல்லத் தோன்றியது. நாங்கள் முசிறிப் பக்கம், வீட்டில் பாய் நெசவு. எங்களுக்குக் கோரை களை இல்லை, பயிர். காவிரித் தண்ணீரில் வளர்த்து அறுத்து, பச்சையிலேயே நீளவாக்கில் கீறிக் காயவைப்போம். கணு இருந்தால் கத்தி அங்கேயே நிற்கும். பொள்ளலாக இருந்தால் நசுங்கும். உள்ளே சோறு நிறைந்து, அடிமுதல் நுனிவரை தடையில்லாமல் இருப்பதால்தான் ஒரே இழையாகக் கிழிகிறது. பத்தமடைக்காரர்கள் அதையே தண்ணீரில் ஊறப்போட்டு நூல்போலக் கிழித்துப் பட்டுப்பாய் நெய்கிறார்கள். என் ஆத்தாவுக்குக் குடும்பம், பேரினம் ஒன்றும் தெரியாது. விரலில் உருட்டிப் பார்த்தே ஒதுக்க வேண்டியதை ஒதுக்கிவிடும்.

ஏரிக்கரை எழுதியது:

உங்கள் ஆத்தாவிடம் நான் பாடம் கேட்டிருக்க வேண்டும். பாய் முடையும் கோரைக்கு 1773இல் டென்மார்க்கைச் சேர்ந்த ராட்பால் வைத்த அறிவியல் பெயர் ‘சைப்பிரஸ் பாங்கோரை’. அப்போது தரங்கம்பாடி டேனியர் கையில் இருந்தது. பெயரின் வாலில் நம் கோரையே ஒலிக்கிறது, சொல்லிப் பாருங்கள்.

உதகைச் சதுப்பு எழுதியது:

ஒன்று சேர்க்கிறேன். வெளிநாட்டுக் கையேடுகளில் புல், கோரை இரண்டோடு மூன்றாவதாக ஜங்கஸ் குடும்பமும் வரும். சமவெளி நண்பர்கள் உருண்டைத் தண்டு எதைப் பார்த்தாலும் அதுதான் என்று எனக்குப் படம் அனுப்புகிறார்கள். அனுப்பிய ஒன்றுகூட ஜங்கஸாக இருந்ததில்லை, பாதி ஐயா சொன்ன வாய்க்கால் கோரை, மீதி சம்பு. சம்பு தனிக் குடும்பம், பழுப்பு உருளையாகப் பூக்கும்.

ஜங்கஸைப் பார்க்க நீலகிரிக்கு வாருங்கள். சோலைக்கு நடுவே புல்வெளிப் பள்ளங்களில் கால் புதையும் இடத்தில் நிற்கும். பூவை லென்ஸில் பாருங்கள், உமியும் இல்லை, ஒற்றைச் செதிலும் இல்லை. லில்லிப்பூவைச் சுருக்கி வைத்தாற்போல ஆறு இதழ்! காய் வெடித்தால் தூள் விதைகள். ஜப்பானியர் வீட்டுத் தரையில் விரிக்கும் தத்தாமி இந்தக் குடும்பத்தில்தான் நெய்கிறார்கள். அங்கே ஜங்கஸ், இங்கே கோரை, இரண்டும் பாய்தான். இந்தப் பள்ளங்கள் மலையில் பெய்யும் மழையைப் பிடித்துவைத்து மெல்ல விடுகின்றன. அதை மூடி வீடு கட்டும்போது வயிறு எரிகிறது.

கடைமடை வயல் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. காலை ஆறு மணிக்கே வயலில் இறங்கிவிட்டேன். விசிறிக்காரனின் தண்டை வெட்டி எண்ணினேன், ஐந்து முனை. உருண்டைப்பூ மூன்று முனை, உருளவே இல்லை. டப்பாவையும் படித்தேன், கோரை என்ற சொல்லே அதில் இல்லை.

மருந்தை இப்போது மாற்றி அடிக்கலாமா ஐயா? கோரைக்கும் சேர்த்துக் கேட்கும் ஒன்று இருப்பதாகச் சொல்கிறார்கள்.

ஏரிக்கரை எழுதியது:

பிஸ்பைரிபேக் மாதிரி இரண்டு குடும்பத்தையும் பிடிப்பவை உண்டு. ஆனால் அவை களை இரண்டு நாலு இலையில் இருக்கும்போது வேலை செய்பவை. உங்கள் வயலில் பூத்தேவிட்டது, இனி அது வீண் செலவு. அடுத்த பருவத்துக்கு, உங்கள் வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் களைகளின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். செடியைப் பிடுங்கிக் கையோடு கொண்டுபோனால் இன்னும் நல்லது. இப்போது மணி முற்றும் முன் கைக்களைதான். எடுத்ததை வரப்பில் போடாமல் வெளியே கொண்டுபோங்கள். களை எடுத்ததும் தண்ணீரைக் கட்டி நிறுத்துங்கள். நீர் மூடிய மண்ணில் ஃபிம்பிரிஸ்டைலிஸ் விதை முளைக்கத் திணறும்.

கடைமடை வயல் எழுதியது:

நாலு பேரை வைத்துக் களை எடுத்தோம். முடிய மூன்று நாளாயிற்று. குதிரைவாலியை நான் ஒவ்வொன்றாக வளைத்து நாக்கு இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துப் பிடுங்கினேன். ஐயா சொன்னது அப்படியே இருந்தது, ஒன்றுகூடத் தப்பவில்லை. ஆனால் நான் ஒரு பாத்தி முடிப்பதற்குள் பக்கத்தில் பெரியம்மா ஒருவர் நாலு பாத்தி முடித்துவிட்டார். அவர் குனிந்து பார்க்கவே இல்லை. எப்படி என்று கேட்டேன். என் கையைப் பிடித்து ஒரு இலையின் ஓரத்தில் கீழ்நோக்கி இழுத்தார், பிறகு இன்னொன்றில்.

“நெல்லு அறுக்கும் பாப்பா. இது வழுக்கும்.”